கோட்லெஸ் போன்: மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள்



போன மாசம் ஒரு சனிக்கிழமை, பகல் கொழுந்து நிறுத்து முடிகிற நேரம், ஓர் அக்கா பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். குவைத்தில் நாலு வருசம் வீட்டு வேலை செய்துவிட்டு லீவில் வந்திருக்கிறார். ரோட்டோரத்தில் கட்டிய புது வீட்டுக்கு டெலிபோன் லைனும் எடுத்துவிட்டார்.

"ஐயா, இத எப்படி மாட்டுறதுன்னு பாத்துச் சொல்லுங்க. மேடம் குடுத்தது. அவுங்க அமெரிக்காவுல இருந்து கொண்டாந்ததாம்."

பெட்டியைத் திறந்தால் பளபளவென்று ஒரு கோட்லெஸ் போன். தாய்ப்பெட்டி ஒன்று, கைபோன் இரண்டு. தாய்ப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'டெக்ட் 6.0', '1.9 ஜிகாஹேர்ட்ஸ்' என்று எழுதியிருந்தது. அடாப்டரில் '120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்'.

"அக்கா, இத எங்கயும் கரண்டுல செருகிப் பாக்கலையே?"

"இல்லீங்க ஐயா. ஒங்களக் கேட்டுட்டு செய்யலாம்னு வச்சிட்டேன்."

நல்லவேளை. அவருடைய அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. கைத்தொலைபேசியின் கண்ணாடியைத் தடவிப் பேச அந்த அம்மாவால் முடியாது. பொத்தான் வைத்த போன் என்றால் விரலால் தடவிக் கண்டுபிடித்து அமுக்குவார். மறுபடி குவைத்துக்குப் போவதற்கு முன் அம்மாவுக்கு ஒரு போன் ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அக்காவின் கவலை. ஆகையால் இது சின்ன விசயம் இல்லை.

எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிற இந்தக் காலத்தில் கோட்லெஸ் போனைப் பற்றி எதற்குப் பாடம் என்று சிலர் கேட்கலாம். வயதானவர்கள் இருக்கிற வீடு, டிஸ்பென்சரி, ஆபீஸ், கடை, உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ் என்று இன்னும் எத்தனையோ இடங்களில் இது இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வருகிற பெட்டிகளிலும், டவுனில் பழைய சாமான் விற்கிற கடைகளிலும் இது வந்துகொண்டே இருக்கிறது. வந்த சாமான் எல்லாம் நம் நாட்டுக்குப் பொருந்துகிற சாமான் இல்லை. அதைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

உள்ளே இருப்பது என்ன?

கோட்லெஸ் போன் என்பது உண்மையில் இரண்டு சின்ன வானொலி நிலையங்கள். தாய்ப்பெட்டி டெலிபோன் வயரிலும் கரண்டிலும் மாட்டியிருக்கும். கையில் எடுத்துப் பேசுகிற கைபோன் பெட்டரியில் ஓடும். நீங்கள் பேசுவதைக் கைபோன் காற்று வழியாகத் தாய்ப்பெட்டிக்கு அனுப்புகிறது. அடுத்த பக்கத்து ஆள் பேசுவதைத் தாய்ப்பெட்டி காற்று வழியாகக் கைபோனுக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

காற்றில் எத்தனையோ அலைகள் போகின்றன. ரேடியோ, டீவி, பொலிஸ் வயர்லெஸ், கைத்தொலைபேசி, வை-பை எல்லாம் ஒரே காற்றில்தான். அவை ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு அலைவரிசை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மலைக்கு ஏறுகிற குறுக்குப் பாதைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் நம்பர் மலைக்கு ஒரு பாதை, ஆறாம் நம்பர் மலைக்கு இன்னொரு பாதை. கொழுந்துக் கூடையோடு இறங்குகிற பாதையில் எதிரே ஒரு ஆள் உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் என்ன நடக்கும்? அதுதான் காற்றிலும் நடக்கிறது. அதைத்தான் இடையூறு என்கிறோம்.

அலை ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை வைத்து அதற்கு நம்பர் போடுகிறார்கள். பத்து லட்சம் தடவை அதிர்ந்தால் 1 மெகாஹேர்ட்ஸ். ஆயிரம் மெகாஹேர்ட்ஸ் சேர்ந்தால் 1 ஜிகாஹேர்ட்ஸ். ஆகவே அக்காவின் போனில் இருந்த 1.9 ஜிகாஹேர்ட்ஸ் என்பது 1900 மெகாஹேர்ட்ஸ் பக்கம்.

இதில் முக்கியமான விசயம் என்னவென்றால், எந்தப் பாதை யாருக்கு என்பதை ஒவ்வொரு நாடும் தனக்கென்று முடிவு செய்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் போனுக்குக் கொடுத்த பாதையை இங்கே கைத்தொலைபேசிக் கம்பனிக்குக் கொடுத்திருக்கலாம். நம் நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு 1996 இல் கொண்டு வந்த திருத்தத்தின்படி அமைந்தது அது. அனுமதி இல்லாத வானொலிக் கருவியைப் பாவிப்பது சட்டப்படி குற்றம். "எனக்குத் தெரியாது, மேடம் குடுத்தது" என்று சொல்லித் தப்ப முடியாது.

பழைய போனும் ஒரு பையனின் பேரும்

முதலில் பரவலாக வந்த கோட்லெஸ் போன்கள் 46, 49 மெகாஹேர்ட்ஸில் ஓடின. தாய்ப்பெட்டி 46 இல் பேசும், கைபோன் 49 இல் பேசும். நீளமாக இழுக்கிற ஏரியல் வைத்திருக்கும். இதற்கு இருந்த பாதைகள் வெறும் பத்து. பின்னால் அமெரிக்காவில் 25 ஆகக் கூட்டினார்கள். பத்துப் பாதையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே பாதையில் விழுந்துவிடுவது சாதாரணம். அப்படி விழுந்தால் இவர்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அது வெட்கக்கேடு. அதைவிட மோசமானது ஒன்று உண்டு.

1998 ஆம் ஆண்டு. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன், சாதாரண தரம் சரிவராமல், ஒரு தோட்டத்தில் கிளாக்கர் ஐயா வீட்டில் வேலைக்கு நின்றான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்த வீட்டில் ஒரு கோட்லெஸ் போன். வருசக் கடைசியில் பில் வந்தபோது வீடே திகைத்துப் போனது. கிளாக்கர் ஐயாவின் சம்பளத்தில் பாதிக்கு மேல். பார்த்தால் மத்திய கிழக்குக்கு ஐந்தாறு அழைப்புகள், எல்லாம் பின்னேர வேளையில். அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருந்தது இந்தப் பையன் மட்டும்தான். அவனுடைய அக்காவும் அந்தச் சமயம் வெளிநாட்டில் இருந்தார். வேறென்ன சாட்சி வேணும்?

அவன் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லயத்தில் 'போன் கள்ளன்' என்று பேர் விழுந்தது. அவனுடைய அப்பா பெரட்டுக்குப் போக வெட்கப்பட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பில்லில் இருந்த அந்த வெளிநாட்டு நம்பருக்கே ஒரு கோல் எடுத்து 'நீங்க யாரு?' என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிசத்தில் விசயம் முடிந்திருக்கும். அதற்கும் காசு போகும் என்று யாரும் எடுக்கவில்லை.

உண்மை எப்படி வந்தது என்று கேளுங்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் டீமேக்கர் குடும்பம். அவர்களிடமும் அதே மாதிரிப் போன். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. டீமேக்கர் வீட்டு அம்மா ஒரு நாள் கோயிலில் பெருமையாகச் சொன்னாராம்: "எங்க போன் ரொம்ப நல்ல போன். மின்னலுக்குப் பயந்து பெட்டிய வயரெல்லாம் கழட்டி வச்சாலும் கைபோன் பாட்டுக்கு வேல செய்யுது. மகளோட பேசிட்டுத்தான் இருக்கேன்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்சம் டெலிபோன் வேலை தெரிந்தவர். தாய்ப்பெட்டியைக் கழற்றிவிட்டால் கைபோனுக்கு லைன் எங்கிருந்து வரும்? அடுத்த வீட்டுத் தாய்ப்பெட்டியில் இருந்துதான் வரும். ஐப்பசி, கார்த்திகை மாசத்துப் பின்னேரத்து இடிமழையில் அந்த அம்மா தன் பெட்டியைக் கழற்றி வைப்பார். மகள் நினைவு வந்ததும் கைபோனை எடுத்து அமுக்குவார். ஒரே பாதையில் இருந்த கிளாக்கர் ஐயா வீட்டுத் தாய்ப்பெட்டி, தன் கைபோன்தான் கூப்பிடுகிறது என்று நினைத்து லைனைத் திறந்து கொடுத்துவிடும். பில் இங்கே விழும். அந்த அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது.

கைபோனும் தாய்ப்பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள ஓர் இரகசிய எண் வைக்கும் முறை அப்போதே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் மலிவு விலையில் இங்கே வந்த போன்கள் எல்லாவற்றிலும் அது இருக்கவில்லை.

கிளாக்கர் ஐயா நல்ல மனுசர். விசயம் தெரிந்ததும் பையனின் வீட்டுக்குப் போய்ப் பிடித்த சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

இந்த மாதிரிப் பழைய போன் இன்னும் எங்கேயாவது மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பேசுவது இரகசியமும் இல்லை, லைன் பாதுகாப்பும் இல்லை. ஏரியலை வெளியே இழுக்கிற போன் என்றால் அநேகமாக இந்த வகைதான்.

900 மெகாஹேர்ட்ஸ்: பக்கத்துக் கோபுரத்துக்குக் கேடு

பிறகு வந்தது 900 மெகாஹேர்ட்ஸ் போன். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை உள்ள பாதையை இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கருவிகளுக்கென்று திறந்து விட்டிருக்கிறார்கள். அங்கே அது பிழையில்லை.

நம் நாட்டில் என்ன நிலைமை? கைத்தொலைபேசியின் 2ஜி சேவையில், நம் கையில் உள்ள போன் கோபுரத்துக்குப் பேசுகிற பாதை 890 முதல் 915 வரை. கோபுரம் நமக்குப் பேசுகிற பாதை 935 முதல் 960 வரை. இப்போது கணக்குப் பாருங்கள். 902 இல் இருந்து 915 வரைக்கும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது.

கோபுரத்தின் காது மிகவும் கூர்மை. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் லயத்துக்குள் இருந்து ஒரு சின்னப் போன் பேசுவதைக் கேட்பதற்காக வைத்த காது அது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கோட்லெஸ் போன் அதே பாதையில் இரைந்துகொண்டிருந்தால், தூரத்துப் போனின் மெல்லிய குரல் கோபுரத்துக்குக் கேட்காது. கோட்லெஸ் வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு குறையும் தெரியாது. கஷ்டப்படுவது அடுத்த டிவிசன்காரர்கள். சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஏனென்றால் கோபுரம் பேசுவது நமக்குக் கேட்கிறது. ஆனால் கோல் எடுத்தால் போகாது, போனாலும் பாதியில் அறுந்துவிடும். மலைநாட்டில் இரண்டு மூன்று டிவிசனுக்கு ஒரே கோபுரம் என்று இருக்கிற இடங்கள் உண்டு. அங்கே இது எவ்வளவு பெரிய கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

டெக்ட்டும் டெக்ட் 6.0 உம்: பேர் ஒன்று, பாதை வேறு

இப்போது கடைகளில் விற்கிற கோட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை டெக்ட் வகை. 1992 இல் ஐரோப்பாவில் ஒழுங்கு செய்த முறை இது. பாதை 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ். இதன் கெட்டித்தனம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 20 மெகாஹேர்ட்ஸைப் பத்துப் பாதையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதையிலும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி முறை வைத்திருக்கிறார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. ஒரு வாளி இவர், அடுத்த வாளி அவர். விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் 24 முறை. அதில் 12 தாய்ப்பெட்டி பேச, 12 கைபோன் பேச. ஆக, ஒரு பாதையில் 12 பேச்சு, பத்துப் பாதையில் 120 பேச்சு.

அதோடு, போன் தானாகவே பாதைகளைக் கேட்டுப் பார்த்து எது சும்மா கிடக்கிறதோ அதில் ஏறிக்கொள்ளும். நடுவில் அந்தப் பாதையில் இரைச்சல் வந்தால் பேச்சு அறாமலே வேறு பாதைக்கு மாறும். ஒவ்வொரு தாய்ப்பெட்டிக்கும் தனி அடையாள எண் உண்டு. கைபோனை முதலில் அதில் பதிவு செய்தால்தான் லைன் கிடைக்கும். 1998 இல் இது இருந்திருந்தால் அந்தப் பையன் ஊரை விட்டுப் போயிருக்க மாட்டான்.

சரி, அக்கா கொண்டு வந்ததும் டெக்ட் தானே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 6.0 என்றால் ஆறாவது முன்னேற்றம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஆறு ஜிகாஹேர்ட்ஸும் இல்லை. அமெரிக்கக் கடைகளில் அதற்கு முன் 2.4, 5.8 என்று நம்பர் போட்ட போன்கள் விற்றுக்கொண்டிருந்தன. அதைவிடப் பெரிய நம்பராக இருக்கட்டும் என்று வைத்த வியாபாரப் பேர் அது. அமெரிக்காவில் 1880-1900 பாதை வேறு வேலைக்குப் போய்விட்டதால், 2005 இல் 1920 முதல் 1930 வரையான பாதையை இந்தப் போனுக்கு ஒதுக்கினார்கள்.

இலங்கையில் 2006 இல் 3ஜி சேவை வந்தபோது, கைத்தொலைபேசியில் இருந்து கோபுரத்துக்குப் போகிற பாதை 1920 இல் தொடங்கி 1980 வரை. பார்த்தீர்களா? 900 இல் நடந்த அதே கதை திரும்பவும் நடக்கிறது. அமெரிக்க டெக்ட் 6.0 போனை இங்கே மாட்டினால், அது கைத்தொலைபேசிப் பாதையின் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஐரோப்பிய டெக்ட் 1900 உடன் நின்றுவிடும், வாசலுக்கு வராது. ஆகவே 'டெக்ட்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. அதற்குப் பக்கத்தில் '6.0' இருந்தால் அது நமக்குரிய சாமான் இல்லை.

அக்கா ஒரு கேள்வி கேட்டார். "டவுன்ல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் விக்கிறாங்களே ஐயா, அத வாங்கிப் போட்டா சரிவராதா?" நல்ல கேள்வி. டிரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும். போன் எரியாது, வேலையும் செய்யும். ஆனால் கரண்டை மாற்றுகிற பெட்டி காற்றுப் பாதையை மாற்றாது. போன் நன்றாக வேலை செய்கிறது என்பதே இங்கே பிரச்சினை.

2.4 ஜிகாஹேர்ட்ஸ் போன் இன்னொரு வகை. இது எல்லா நாட்டிலும் பொதுவாகத் திறந்து விட்டிருக்கிற பாதை. பொது வழி என்றால் கூட்டமும் அதிகம். வை-பை அங்கேதான் இருக்கிறது, புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 இல்தான் வேலை செய்கிறது. பிள்ளைகள் ஒன்லைன் பாடம் கேட்கும்போது அம்மா கோட்லெஸில் பேசினால் பாடம் நின்று நின்று ஓடுகிறது என்று ஒரு வீட்டில் முறைப்பாடு. இணையக் கம்பனிக்காரரைப் பல தடவை திட்டினார்களாம். ரூட்டரும் போனும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில். போன் பெட்டியை அடுத்த காம்பராவுக்கு மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரூட்டரில் 5 ஜிகாஹேர்ட்ஸ் வசதி இருந்தால் பிள்ளையின் போனை அதில் போட்டுவிட்டால் மீதியும் தீரும்.

எது எதோடு பொருந்தும்?

ஒரு கைபோன் உடைந்துவிட்டால் வேறு கம்பனிக் கைபோனை வாங்கி அதே தாய்ப்பெட்டியில் போடலாமா என்று கேட்கிறார்கள். பழைய வகையில் முடியாது. 2.4 வகையிலும் அநேகமாக முடியாது, ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டுக்கு ஒரு முறை வைத்திருக்கும். ஐரோப்பிய டெக்ட்டில் மட்டும் 'கேப்' என்று ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டிலும் அது இருந்தால், கோல் எடுக்கலாம், பேசலாம். நம்பர் புத்தகம், மற்ற விசேட வசதிகள் வராமல் போகலாம். அமெரிக்க டெக்ட் கைபோன் ஐரோப்பியத் தாய்ப்பெட்டியோடு ஒருக்காலும் சேராது. பாதையே வேறு.

அடாப்டர் விசயத்தில்தான் அதிக நட்டம். நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். '120 வோல்ட்' மட்டும் எழுதிய அடாப்டரை நேரே செருகினால் கொஞ்ச நேரத்தில் புகை வரும். '100-240' என்று எழுதியிருந்தால் பயமில்லை. அடாப்டர் எரிந்து, வேறு வாங்குவதென்றால், வெளியே வருகிற வோல்ட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. டீசியா ஏசியா என்று பார்க்க வேண்டும், சில அமெரிக்கப் போன்களுக்கு ஏசி அடாப்டர். டீசி என்றால் முனையின் நடுவில் கூட்டலா கழித்தலா என்று படம் போட்டிருக்கும். அம்பியர் குறையக் கூடாது.

இங்கிலாந்தில் இருந்து வருகிற போனுக்குக் கரண்டும் சரி, பாதையும் சரி. சுவரில் செருகுகிற டெலிபோன் முனைதான் வேறு. வயரை மட்டும் மாற்றினால் சில வேளை டயல் சத்தம் வராது, ஏனென்றால் உள்ளே கம்பி வரிசையும் வேறு. அதற்குரிய மாற்று முனையை வாங்குவது சுகம்.

பெட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கட்டாயம் சொல்ல வேண்டும். கைபோனுக்குள் இருப்பது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறுகிற பெட்டரி, ஒன்று 1.2 வோல்ட். பார்வைக்கு டோர்ச் பெட்டரி மாதிரியே இருக்கும். அது செத்துவிட்டது என்று கடையில் சாதாரணப் பெட்டரியை வாங்கிப் போட்டு, கைபோனைத் தாய்ப்பெட்டியில் வைத்தால், சார்ஜ் ஏறக்கூடாத பெட்டரிக்குச் சார்ஜ் ஏறும். கசியும், வெடிக்கவும் கூடும். பிள்ளைகள் இருக்கிற வீடு, கவனம்.

தகரக் கூரையும் மலை முகடும்

டெக்ட் பெட்டியில் 300 மீட்டர் தூரம் என்று போட்டிருக்கும். அது வெட்டவெளியில், நடுவில் ஒன்றும் இல்லாமல் இருந்தால். வீட்டுக்குள் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்தின் கருங்கல் சுவர் இரண்டு தாண்டினால் இன்னும் குறையும். தகரத்துக்குள் அலை போகவே போகாது, கண்ணாடியில் வெளிச்சம் பட்டது மாதிரித் திரும்பிவிடும். தகரக் கூரைக்கு மேலே இருக்கிற குவார்ட்டர்ஸில் தாய்ப்பெட்டியை வைத்துவிட்டுக் கீழே லயத்துக் காம்பராவில் கைபோன் வேலை செய்யவில்லை என்றால் போன் பழுதில்லை.

தாய்ப்பெட்டியை உயரமாக, வீட்டின் நடுப்பக்கம் வையுங்கள். பிரிட்ஜ், டீவி, ரூட்டர் இவற்றில் இருந்து ஒரு இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். இரும்பு அலுமாரிக்குப் பின்னால் மறைத்து வைக்காதீர்கள். தாய்ப்பெட்டிக்கு மேலேயே கைத்தொலைபேசியை வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. கோல் வருவதற்குச் சற்று முன் 'டட் டட் டட்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இதனால்தான். பேயும் இல்லை, ஒட்டுக் கேட்கிறவர்களும் இல்லை.

இடி, கரண்ட் வெட்டு, இராத்திரி

கோட்லெஸ் தாய்ப்பெட்டி இரண்டு வயரில் மாட்டியிருக்கிறது. மின்னல் கரண்ட் வயரிலும் வரலாம், டெலிபோன் வயரிலும் வரலாம். பங்குனி, சித்திரை, பிறகு ஐப்பசி, கார்த்திகை மாசங்களில் பின்னேரம் இடி கூடும். இடி தொடங்குவதற்கு முன் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் பாதி வேலைதான். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொட வேண்டாம், எரிந்தால் எரியட்டும்.

இன்னொரு விசயம். ஒரு டிவிசன் டிஸ்பென்சரியில் இராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தாய்க்கு வலி கண்டுவிட்டது. மழை, கரண்ட் இல்லை. கைபோனில் விளக்கு எரிகிறது, ஆனால் டயல் சத்தம் இல்லை. மழை என்றால் அங்கே கைத்தொலைபேசிக்கும் சிக்னல் ஒழுங்காக வராது. 'லைன் செத்துப் போச்சு' என்று சொல்லிவிட்டு ஆள் ஓட்டி பெரிய தோட்டத்துக்கு அனுப்பப் போனார்கள். உண்மையில் லைன் நன்றாகத்தான் இருந்தது. செத்தது தாய்ப்பெட்டி, அதற்குக் கரண்ட் இல்லை. கைபோனுக்குள் பெட்டரி இருப்பதால் அது மட்டும் உயிரோடு இருப்பது மாதிரிக் காட்டும். அலுமாரிக்குள் கிடந்த பழைய வயர் போனை ஒருவர் எடுத்து லைனில் செருகினார். டயல் சத்தம் வந்தது. 1990 சுவசெரியவுக்கு அழைத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை இப்போது முன்பள்ளிக்குப் போகிறது.

செப்புக் கம்பி லைனில் டெலிபோனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வருகிறது. அதனால் வயர் போனுக்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லை. பைபர் லைனும் ரூட்டரில் செருகுகிற போனும் அப்படி இல்லை, கரண்ட் போனால் வயர் போனும் பேசாது. அந்த வீடுகளில் ரூட்டருக்கு ஒரு சின்னப் பெட்டரி பெக்கப் வைப்பது நல்லது. செப்பு லைன் இருக்கிற இடத்தில் கோட்லெஸ் எத்தனை இருந்தாலும் வயர் போன் ஒன்றைக் கைக்கெட்டிய இடத்தில் வையுங்கள். டிஸ்பென்சரிகளுக்கு இதை நான் கண்டிப்பாகவே சொல்லுகிறேன்.

அக்காவின் வீட்டில் இருப்பது செப்பு லைன். ஆகவே டவுனில் அனுமதி பெற்ற கடை ஒன்றில், பெரிய பொத்தான் வைத்த சாதாரண வயர் போன் ஒன்றை ரசீதோடு வாங்கச் சொன்னேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. முதலாவது பொத்தானில் மூத்த மகனின் நம்பர், இரண்டாவதில் குவைத் நம்பர். அமெரிக்கப் பெட்டியை விற்றுவிடலாமா என்று அக்கா கேட்டார். "வித்தா அது இன்னொரு வீட்டுல போய் மாட்டும், அக்கா" என்றேன். கொஞ்சம் மனசு கஷ்டம்தான், நாலு வருசம் உழைத்த வீட்டில் கொடுத்த சாமான் அல்லவா. அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி ஏதும் இருந்தால் மாட்டுவதற்கு முன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வரும்போது அடாப்டரை மறந்துவிட்டு வராதீர்கள். பாதிப் பேர் போனை மட்டும்தான் கொண்டு வருகிறார்கள்.